பின்னோக்கியா, பின் வரிசையா?
காரில் குழந்தையின் இடம்: சுவீடன், அமெரிக்கா ஓர் ஒப்பாய்வு

நம் வீடுகளில் கார் கிளம்பும்போது இடம் பிரிப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட் தாத்தாவுக்கோ, வீட்டுக்கு வந்திருக்கும் மாப்பிள்ளைக்கோ போகும். மற்றவர்கள் பின் சீட்டில் நெருக்கி உட்காருவார்கள். குழந்தைக்கென்று தனி இடம் கிடையாது; யார் மடி காலியாக இருக்கிறதோ அதுதான் அதன் இடம். அழுதால் முன் சீட்டுக்கு வரும். வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டால் இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே எழுந்து நிற்கும். செல்லம் கூடிப்போனால் ஓட்டுபவர் மடியிலேயே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளும். காரில் இருப்பவர்களிலேயே எலும்பு முற்றாத, தன்னைத் தானே தாங்கிக்கொள்ள முடியாத உயிருக்கு மட்டும் இடம் முடிவாகாமல் இருக்கிறது.

இந்தக் கேள்வியை அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்து, ஆளுக்கொரு விடை கண்ட நாடுகள் இரண்டு: சுவீடனும் அமெரிக்காவும். இரண்டிலும் சாலைகள் அகலமானவை. இரண்டிலும் கார் இல்லாத குடும்பம் குறைவு. இரண்டிலும் மருத்துவர்களும் பொறியாளர்களும் ஒரே இயற்பியலைத்தான் கையில் வைத்திருந்தார்கள். ஆனால் சுவீடன் முதலில் கேட்டது, குழந்தையின் முகம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று. அமெரிக்கா அழுத்திக் கேட்டது, குழந்தை எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்று. இந்த இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம் ஊர்ப் பெற்றோர் எதை முதலில் செய்ய வேண்டும், எதை அடுத்துச் செய்ய வேண்டும் என்ற வரிசை தெளிவாகிவிடும்.

இருவருக்கும் பொதுவான கணக்கு

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு சுவரில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் ஓட்டும் வேகம்தான் அது. காரின் முன்பகுதி 60 செ.மீ. நசுங்கி, பத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கார் நின்றுவிடும். அந்த நேரத்துக்குள் காருடன் சேர்ந்து நிற்க வேண்டிய எந்த உடலுக்கும் அதன் எடையைப் போல ஏறக்குறைய 16 மடங்கு விசை தேவைப்படுகிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தையை மடியில் பிடித்து நிறுத்த, தாயின் கைகள் 160 கிலோவைத் தாங்க வேண்டும். எந்தத் தாயாலும் முடியாது, பயில்வானாலும் முடியாது. கை நழுவிய குழந்தை டேஷ்போர்டிலோ முன் சீட்டின் முதுகிலோ மோதி நிற்கும்போது, 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுந்ததற்குச் சமமான அடி அதற்கு விழுகிறது.

மடியிலிருக்கும் குழந்தையையும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டுக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். பெரியவரின் உடல் முழு விசையோடு முன்னால் வர, பெல்ட்டுக்கும் அந்த உடலுக்கும் நடுவே குழந்தை நசுங்கும்.

இரண்டாவது பொது உண்மை குழந்தையின் உடலமைப்பு. பிறந்த குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கு அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். இவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இன்னும் முழு எலும்பாகவில்லை. குருத்தெலும்பால் இணைந்த துண்டுகளாக இருக்கின்றன. அவை ஒன்றுசேர்ந்து இறுகச் சில ஆண்டுகள் ஆகும். தசைநார்களும் தளர்வானவை. மோதலில் உடம்பை மட்டும் இறுக்கிப் பிடித்து, தலையை விட்டுவிட்டால், தலை முன்னால் பாய்கிறது, கழுத்து இழுபடுகிறது. அந்த இழுவையில் தண்டுவடம் சேதமடையலாம்.

ஆக, சிக்கல் இரண்டு. குழந்தையைக் காரோடு பிணைக்க வேண்டும். பிணைத்த பிறகு அதன் கழுத்தைக் காக்க வேண்டும். இரண்டு நாடுகளும் பிரிவது இங்கிருந்துதான்.

சுவீடன்: திசையை முதலில் முடிவு செய்த நாடு

சுவீடனின் கதை கோத்தன்பர்க் நகரில் தொடங்குகிறது. பெர்ட்டில் ஆல்ட்மன் ஒரு மருத்துவர். பிறகு அந்நகரின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விண்கலத் திட்டத்தில், ராக்கெட் கிளம்பும்போது விண்வெளி வீரர்களின் முதுகைத் தாங்க உடலுக்கேற்ப வார்த்த இருக்கைகளைப் பயன்படுத்தினார்கள். விசை முழுவதும் முதுகு, தலை, இடுப்பு என்று பரவலாக இறங்கியது. காரில் போகும் குழந்தையும் அப்படியே முதுகால் விசையை வாங்கினால் என்ன என்று ஆல்ட்மன் யோசித்தார். 1964-இல் ஒரு வோல்வோ காரின் முன் சீட்டில், பின்னோக்கித் திருப்பிய குழந்தை இருக்கை சோதித்துப் பார்க்கப்பட்டது.

1967-இல் வோல்வோ இன்னும் ஒரு வழி கண்டது: முன் பயணி சீட்டின் முதுகையே திருப்பிப் போட்டு, அதில் சாய்மானமும் வாரும் பொருத்தி, குழந்தையைக் காரின் பின்புறம் பார்க்க உட்கார வைத்தது. 1972-இல் தனியான பின்னோக்கு இருக்கை விற்பனைக்கு வந்தது. வளர்ந்த பிள்ளைகளுக்குக் கார் பெல்ட் சரியான இடத்தில் படிய, உட்காரும் உயரத்தை ஏற்றும் பூஸ்டர் மெத்தையை 1978-இல் அதே நிறுவனம் கொண்டுவந்தது.

கடும் காயம் தரும் விபத்துகளில் முதன்மையானது முன்பக்க மோதல். அதில் கார் திடீரென நிற்க, உள்ளிருக்கும் உடல்கள் முன்னோக்கிப் பாய்கின்றன. குழந்தை பின்னோக்கி உட்கார்ந்திருந்தால் அந்தப் பாய்ச்சலில் அதன் முதுகும் கழுத்தும் தலையும் ஒரே சமயத்தில் இருக்கையின் முதுகுப் பலகையில் அழுந்துகின்றன. தலைக்கும் உடலுக்கும் இடையே இழுபறி இல்லை. ஏணை குழந்தையை அடியிலிருந்து முழுதாகத் தாங்குவதுபோல, அந்த இருக்கை குழந்தையின் முழு உடலையும் ஏந்திக்கொள்கிறது.

சுவீடனில் இன்று எல்லாப் பெற்றோருக்கும் சொல்லப்படும் அறிவுரை: குறைந்தது 4 வயது வரை பின்னோக்கி. சட்டம் உயரத்தை அளவாக வைத்திருக்கிறது: 135 செ.மீ. உயரத்துக்குக் குறைந்த குழந்தை உரிய பாதுகாப்பு இருக்கையிலோ பூஸ்டரிலோ பயணிக்க வேண்டும். 140 செ.மீ.க்குக் குறைந்தவர் இயங்கும் ஏர்பேக்குக்கு எதிரே முன் சீட்டில் உட்காரக் கூடாது. அந்நாட்டின் சாலைப் போக்குவரத்து ஆய்வு நிறுவனமான வி.டி.ஐ. நடத்தும் பிளஸ் சோதனை, மோதலில் குழந்தையின் கழுத்தில் இறங்கும் விசையைத் தனியே அளக்கிறது. விசை வரம்பைத் தாண்டினால் இருக்கைக்குச் சான்று கிடையாது. 1997 அக்டோபரில் சுவீடன் நாடாளுமன்றம், சாலையில் ஒருவரும் சாகவோ மீளாக் காயம் அடையவோ கூடாது என்பதை நாட்டின் இலக்காக ஏற்றது. குழந்தை இருக்கை பற்றிய இந்தப் பிடிவாதம் அந்த இலக்குக்கு முப்பது ஆண்டுகள் முன்பே அங்கே வேரூன்றியிருந்தது.

சுவீடனில் வரிசை இரண்டாம் கேள்விதான். பயணிப் பக்க ஏர்பேக்கை அணைத்துவிட்டு, முன் சீட்டில் பின்னோக்கு இருக்கையை வைப்பது அங்கே ஏற்கப்பட்ட வழக்கம். ஓட்டும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பக்கத்திலேயே, அவரைப் பார்த்தபடி குழந்தை வருகிறது.

அமெரிக்கா: ஏர்பேக் கற்பித்த கடும் பாடம்

அமெரிக்காவும் பின்தங்கித் தொடங்கவில்லை. 1969-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குழந்தைகளுக்குப் பின்னோக்கு இருக்கை ஒன்றை விற்றது. 1971-இல் குழந்தை இருக்கைகளுக்கான முதல் கூட்டரசுத் தரம் வந்தது. உலகம் கவனித்த அடுத்த அடி 1978-இல் டென்னசி மாநிலம் எடுத்தது. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவரின் விடாமுயற்சியால், குழந்தைகளைப் பாதுகாப்பு இருக்கையில் அமர்த்தக் கட்டாயப்படுத்தும் நாட்டின் முதல் மாநிலச் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது: பெரியவர் கையில் ஏந்திய குழந்தைக்கு விலக்கு. தாயின் மடியைச் சட்டம் சந்தேகிக்கலாமா என்ற உணர்ச்சிக்கு அங்கும் இடம் கொடுத்தார்கள். விலக்கை எதிர்த்தவர்கள் அதைக் குழந்தையை நசுக்கும் திருத்தம் என்றே அழைத்தார்கள். 1981-இல் விலக்கு நீக்கப்பட்டது. நம் ஊரில் இன்றும் மடியை நம்பும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய வரலாறு இது. 1985-க்குள் 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் குழந்தை இருக்கைச் சட்டம் வந்துவிட்டது.

பிறகு வந்தது ஏர்பேக். 1998 மாடல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் முன்புறம் இரண்டு ஏர்பேக்குகள் கட்டாயம். பெரியவர்களின் உயிரைப் பெரும் எண்ணிக்கையில் காத்த கருவி அது. ஆனால் மணிக்கு 300 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில், கண் இமைக்கும் நேரத்தைவிட விரைவாக விரியும் பை, டேஷ்போர்டுக்கு அருகில் இருந்த குழந்தையின் தலையை அடித்தது. முன் சீட்டில் பின்னோக்கி வைத்த இருக்கையில் நிலைமை மேலும் கொடியது: இருக்கையின் முதுகுப் பலகை ஏர்பேக் வெடிக்கும் இடத்துக்கு மிக அருகில் இருக்க, அதன் மறுபக்கத்தில் குழந்தையின் தலை இருந்தது. 1990 முதல் 2008 வரை, உயிர் போகும் அளவுக்கு வேகம் இல்லாத மோதல்களில் ஏர்பேக் விரிந்ததாலேயே இறந்தவர்கள் 290-க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் பயணிகள்; அந்தப் பயணிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குழந்தைகள். பெல்ட் போடாதவர்களும், ஏர்பேக்குக்கு எதிரே பின்னோக்கு இருக்கையில் இருந்த கைக்குழந்தைகளுமே அவர்களில் மிகுதி.

நாடே கலங்கியது. ஏர்பேக்கின் வலிமையைக் குறைத்தார்கள். எச்சரிக்கை வாசகம் ஒட்டினார்கள். பிற்பாடு, உட்கார்ந்திருப்பவரின் எடையை உணர்ந்து தானே அடங்கும் ஏர்பேக்கைக் கட்டாயமாக்கினார்கள். பெற்றோருக்குச் சொல்ல ஒரே வரி போதும் என்று முடிவு செய்தார்கள்: 13 வயதுக்கு உட்பட்டவர்கள் பின் வரிசையில். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இன்றும் சொல்வது இதையே. ஒரு தலைமுறைக்குள் அங்கே குழந்தைகள் முன் சீட்டிலிருந்து பின் சீட்டுக்கு இடம் மாறினார்கள்.

பின் வரிசையிலும் எந்த இடம் என்று ஆராய்ந்தார்கள். 3 வயது வரையுள்ள, பாதுகாப்பு இருக்கையில் அமர்ந்த குழந்தைகளைப் பற்றி 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், பின் வரிசையின் நடுவில் இருந்தவர்களுக்குக் காய வாய்ப்பு ஓரங்களில் இருந்தவர்களைவிட 43 விழுக்காடு குறைவாக இருந்தது. காரணம் எளியது: எந்தப் பக்கக் கதவில் மோதினாலும் நடுவில் இருப்பவருக்கு அது தூரம்.

நேருக்கு நேர்

*முன்பக்க மோதல்.* இதில் சுவீடனின் விடையே வலுவானது. அமெரிக்காவின் பின் வரிசை, குழந்தையை ஏர்பேக்கிலிருந்தும் நசுங்கும் முன்பகுதியிலிருந்தும் தள்ளி வைக்கிறது. ஆனால் குழந்தை அங்கே முன்னோக்கி உட்கார்ந்திருந்தால், வார்கள் தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொள்ள, தலை பாய்வதை வரிசை மாற்றம் தடுக்காது. கழுத்தைக் காப்பது திசைதான்.

*ஏர்பேக்.* இதில் அமெரிக்காவின் விடையே எளிமையானது, பிழைக்கு இடம் தராதது. சுவீடன் முறையில் ஏர்பேக்கை அணைத்தோமா என்று ஒவ்வொரு முறையும் உறுதி செய்ய வேண்டும். ஒருநாள் மறந்தால் போதும். முன் சீட்டில் பெரியவர் உட்காரும்போது அதை மீண்டும் இயக்க மறந்தால் அவருக்கு ஆபத்து. பின் வரிசையில் இந்தக் கவலை இல்லை.

*கண்பார்வை.* முன் சீட்டில் குழந்தை பக்கத்திலேயே இருக்கிறது. தனியே ஓட்டிச் செல்லும் தாய்க்கு அது பெரிய ஆறுதல். அமெரிக்காவில் பின் வரிசைக்குக் குழந்தை போனபின் இன்னொரு துயரம் கூடியது: பின்னால் தூங்கிப்போன குழந்தையை மறந்து, பூட்டிய காரில் விட்டுச் செல்வது. 1998 முதல் எண்ணி வரும் கணக்கில், கார் வெப்பத்தில் இறக்கும் குழந்தைகள் அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 35-க்கு மேல். அதில் பாதிக்கு மேல் மறதியால் நேர்ந்தவை. வெயிலில் நிற்கும் மூடிய கார் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி செல்சியஸ் வரை கூடுதலாகச் சூடேறும். வரிசையை மாற்றிய நாடு, மறதிக்கு எதிரான பழக்கத்தையும் சேர்த்தே கற்க வேண்டியிருந்தது. கைப்பையையோ கைபேசியையோ பின் சீட்டில் வைக்கச் சொல்வது அப்படி வந்த அறிவுரை.

*எப்போது முன்னோக்கித் திருப்புவது.* இரண்டு நாடுகளும் மெல்ல மெல்ல நெருங்கி வந்திருப்பது இங்கேதான். அமெரிக்காவில் நெடுங்காலம் ஒரு வயதும் 20 பவுண்டு எடையும், அதாவது சுமார் 9 கிலோவும், எல்லையாக இருந்தன. முதல் பிறந்தநாளோடு இருக்கையைத் திருப்புவது குடும்ப வழக்கமே ஆகிவிட்டிருந்தது. 2011-இல் குழந்தை மருத்துவர் சங்கம் எல்லையை 2 வயதாக்கியது. 2018-இல் வயதையே விட்டுவிட்டு, இருக்கையின் எடை, உயர வரம்பு இடம் கொடுக்கும்வரை பின்னோக்கியே என்று சொன்னது. கலிஃபோர்னியா 2017 முதல் 2 வயது வரை பின்னோக்கு இருக்கையைச் சட்டமாக்கியது. ஐரோப்பாவுக்கான ஐ.நா. 129-ஆம் ஒழுங்குவிதி, 15 மாதம் வரை பின்னோக்கிக் கட்டாயம் என்கிறது. சுவீடன் 4 வயது என்று நெடுங்காலமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. மற்றவர்கள் அதை நோக்கி நடந்து வருகிறார்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பின்னோக்கிய இருக்கை இத்தனை மடங்கு பாதுகாப்பு என்று அமெரிக்காவில் பல காலம் மேற்கோள் காட்டப்பட்ட 2007-ஆம் ஆண்டு ஆய்வொன்றில் புள்ளிவிவரப் பிழை தெரியவந்து, அது திரும்பப் பெறப்பட்டது. எனவே மடங்குக் கணக்கைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டியதில்லை. சோதனைச்சாலையில் அளந்த கழுத்து விசையும், குழந்தை எலும்பின் வளர்ச்சியும், சுவீடனின் அரை நூற்றாண்டு அனுபவமும் ஒரே திசையைக் காட்டுகின்றன. அதுவே போதுமான ஆதாரம்.

*வளர்ந்த பிள்ளைகள்.* இருவரும் ஒத்துப்போகும் இடம். காரின் பெல்ட் பெரியவர் உடலுக்கு அளவெடுத்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது கழுத்தை உரசும். இடுப்புப் பட்டை எலும்பில் படியாமல் வயிற்றில் ஏறிவிடும். மோதலில் குடலும் முதுகெலும்பும் சேதமாகும். பூஸ்டர் பிள்ளையை உயர்த்தி, பட்டையை இடுப்பெலும்பின் மேலும் தோளின் நடுவிலும் படிய வைக்கிறது. சுவீடன் 135 செ.மீ. என்கிறது, அமெரிக்கா 145 செ.மீ. என்கிறது. வயது ஒரு குறிப்பு, உயரமே அளவுகோல்.

*பயன்.* அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீட்டில், கார்களில் குழந்தை இருக்கைகள் ஒரு வயதுக்குட்பட்டோரின் சாவு வாய்ப்பை 71 விழுக்காடும், 1 முதல் 4 வயதுக்குட்பட்டோருடையதை 54 விழுக்காடும் குறைக்கின்றன. திசையிலும் வரிசையிலும் எவ்வளவு கருத்து வேறுபட்டாலும், தனி இருக்கை என்ற அடித்தளத்தில் இரு நாடுகளும் ஒன்றே.

நம் காருக்கு வந்தால்

இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தையைப் பாதுகாப்புப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அந்தப் பிரிவில் திசையும் இல்லை, வரிசையும் இல்லை. அதே நேரம் நம் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் 2019 முதலும், பயணி ஏர்பேக் 2021 முதல் புதிய மாடல்களிலும் கட்டாயமாகிவிட்டன. அமெரிக்கா 1990-களில் நின்ற இடத்தில் நாம் இப்போது நிற்கிறோம்: முன் சீட்டில் ஏர்பேக் வந்துவிட்டது, முன் சீட்டில் மடிக் குழந்தையும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த நாடு தன் பிள்ளைகளை இழந்து கற்றது. நாமும் இழந்துதான் கற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2023-இல் தொடங்கிய, கார்களை மோதிச் சோதிக்கும் பாரத் என்கேப் மதிப்பீட்டில் பெரியவர் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திர வரிசை, குழந்தைப் பாதுகாப்புக்குத் தனியாக ஒரு நட்சத்திர வரிசை. 18 மாதக் குழந்தை, 3 வயதுக் குழந்தை அளவுள்ள பொம்மைகளை இருக்கையில் அமர்த்தி மோதிப் பார்க்கிறார்கள். கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் மைலேஜ் கேட்கும்போதே இந்த இரண்டாவது நட்சத்திரத்தையும் கேட்க வேண்டும். குழந்தை இருக்கையைப் பூட்டிப் பொருத்தும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பின் சீட்டில் எங்கே இருக்கின்றன என்று கைவைத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டில் எழும் மறுப்புகள் தெரிந்தவையே. "நாங்க எல்லாம் மடியில உக்காந்துதான் வளர்ந்தோம், ஒண்ணும் ஆகலையே" என்பார் பாட்டி. அவர் வளர்ந்த காலத்துச் சாலையில் இன்றைய நான்குவழிச் சாலையின் வேகம் இல்லை. பிழைத்தவர்கள் மட்டுமே அந்தக் கதையைச் சொல்ல இருக்கிறார்கள். "கட்டிப்போட்டா குழந்தை அழும்" என்பது அடுத்தது. பிறந்த நாள் முதல் அதில் உட்கார்ந்த குழந்தைக்கு அது பழகிய இடம். மடியில் பழக்கிவிட்டு இரண்டு வயதில் திடீரென இருக்கைக்கு மாற்றும்போதுதான் அழுகை. "பின்னாடி பார்த்து உக்காந்தா கால் மடங்கிக்கும்" என்பார்கள். பிள்ளைகள் சம்மணமிட்டோ கால்களை மேலே தூக்கியோ சுகமாக உட்கார்ந்துகொள்கிறார்கள். கால் முறிந்தாலும் கூடிவிடும். கழுத்துத் தண்டுவடம் கூடாது.

விலை உண்மையான தடை. நல்ல இருக்கைக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஆனால் லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கார் எடுக்கும் குடும்பத்தில், அலாய் வீலுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் செலவழிக்கும் பணத்தில் பிள்ளையின் இருக்கை வந்துவிடும். காதுகுத்துக்கும் முதல் பிறந்தநாளுக்கும் தாய்மாமன் செய்யும் சீரில் ஒரு கார் இருக்கை இருக்கட்டும். அதைவிட நல்ல சீர் எது? ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: விபத்தில் சிக்கிய இருக்கையையோ, வரலாறு தெரியாத பழைய இருக்கையையோ வாங்கக் கூடாது. வெளியே தெரியாத விரிசல் உள்ளே இருக்கலாம்.

பொருத்தும் முறையும் முக்கியம். இருக்கையை அடிப்பகுதியில் பிடித்து ஆட்டினால் அது இரண்டு, மூன்று செ.மீ.க்கு மேல் அசையக் கூடாது. வார் தோளில் முறுக்கில்லாமல் படிய வேண்டும். தோள் அருகே வாரைக் கிள்ளினால் மடிப்பு வரக் கூடாது. நம் சித்திரை வெயிலில் வாரின் உலோகப் பூட்டு சுடும். குழந்தையை அமர்த்துமுன் தொட்டுப் பார்க்க வேண்டும். பச்சைக் குழந்தையோடு நீண்ட பயணம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இருக்கையிலிருந்து எடுத்து நிமிர்த்திப் படுக்க வைக்க வேண்டும்.

முடிவு

இரண்டு நாடுகளையும் எடை போட்டால், நமக்கு ஏற்ற விடை இரண்டில் ஒன்றைத் தேர்வதில் இல்லை. சுவீடனின் திசையையும் அமெரிக்காவின் வரிசையையும் சேர்த்து எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. குழந்தையின் இடம் பின் வரிசை. பெல்ட்டோ கொக்கியோ இருக்கையைச் சரியாகப் பிடிக்குமானால் நடுவில், இல்லையென்றால் நடைபாதைப் பக்கம் இறக்கிவிட வசதியாக இடது ஓரத்தில். முகம் காரின் பின்புறம் நோக்கி. 2 வயது வரை கட்டாயமாக, இருக்கையின் வரம்பு இடம் கொடுத்தால் 4 வயது வரை. அதன்பின் வார் கட்டிய முன்னோக்கு இருக்கை. அதுவும் சிறிதாகும்போது, கார் பெல்ட் உடம்பில் சரியாகப் படியும்வரை பூஸ்டர். 13 வயது ஆகும்வரை முன் சீட் வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாதவர்களுக்கு முக்கியத்துவ வரிசை இது. முதலாவது, மடி வேண்டாம். தனி இருக்கை, கட்டிய வார். இரண்டாவது, இயங்கும் ஏர்பேக்குக்கு எதிரே பின்னோக்கு இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள். மூன்றாவது, கூடியவரை பின்னோக்கி. நான்காவது, பின் வரிசை. முதல் இரண்டில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. இரு நாடுகளும் ஒரே குரலில் சொல்வது அந்த இரண்டைத்தான்.

பெற்றோருக்கும், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள ஆசைப்படும் தாத்தா பாட்டிக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சுங்கள். கார் கதவு மூடியதும் அதை அதன் இருக்கையில் அமர்த்தி, வாரைக் கட்டி, நீங்களும் உங்கள் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். தெரு முனைவரை போவதானாலும் அப்படியே செய்யுங்கள்.